நாலு மாசமா டிபி மாத்திரை சாப்பிடுற அப்பாவுக்கு கால் எரிச்சல், லினிசோலிட் காரணமா?

கோரையாறு:
எல்லாருக்கும் வணக்கம். மன்னார்குடி பக்கத்து கிராமம். அப்பாவுக்கு 58 வயசு, மருந்துக்குக் கட்டுப்படாத டிபின்னு சொல்லி 26 வார கோர்ஸ் ஆரம்பிச்சாங்க. பெடாகுலின், பிரெட்டோமானிட், மாக்ஸிஃப்ளாக்சசின், அப்புறம் லினிசோலிட் 600. இருமல் நின்னுடுச்சு, எடையும் ஏறியிருக்கு. ஆனா மூணு வாரமா உள்ளங்கால் ரெண்டும் எரியுதுங்குறார், போன வாரம் வரப்புல வரும்போது ஒரு செருப்பு சேத்துல மாட்டிக்கிட்டது தெரியாமயே வீடு வரைக்கும் நடந்து வந்துட்டார், வாசல்ல அம்மா பார்த்துதான் கேட்டாங்க. ஒடம்பு சூடு, எண்ணெய் தேச்சு குளிச்சா போயிடும்ங்குறார் சித்தப்பா. நெட்டுல பார்த்தா லினிசோலிட், செல்லுக்கு சக்தி தர்ற மைட்டோகாண்ட்ரியாவ பாதிக்கும்னு போட்டிருக்கு. கிருமிய கொல்ற மருந்து நம்ம செல்லுக்குள்ள ஏன் வேலைய காட்டுது? அத மட்டும் நிறுத்திடலாமா?

வெண்ணாறு அக்கா:
தம்பி, நான் திருவாரூர்ல மருந்தாளுநர். எண்ணெய்க் குளியல்ல போற எரிச்சல் இல்ல இது. மைட்டோகாண்ட்ரியாங்குறது பல கோடி வருஷத்துக்கு முன்ன தனியா திரிஞ்ச பாக்டீரியா, நம்ம முன்னோர் செல்லுக்குள்ள வந்து அப்படியே தங்கிடுச்சு. அதனால அதுக்குன்னு தனி டிஎன்ஏ இருக்கு, புரதம் செய்யற ரைபோசோமும் தனி, அது பாக்டீரியா ரைபோசோமுக்கு பங்காளி மாதிரி. லினிசோலிட் பாக்டீரியா ரைபோசோம்ல போய் உக்காந்து புரதம் செய்ய விடாம தடுக்குற மருந்து, அந்தப் பங்காளியையும் கொஞ்சம் பிடிச்சுக்குது. மைட்டோகாண்ட்ரியா தானே செஞ்சுக்கற 13 புரதமும் குறையுது, செல்லுக்கு சக்தி பத்தாம போகுது. பத்து நாள் கோர்ஸ்ல பெரும்பாலும் தெரியாது, மாசக்கணக்குல போகும்போதுதான் நீளமான கால் நரம்பு, கண் நரம்பு, ரத்தம் ஊறுற எலும்பு மஜ்ஜை எல்லாம் அடி வாங்குது. தென்னாப்பிரிக்காவுல 109 பேருக்கு தினம் 1200 மில்லிகிராம்ல ஆரம்பிச்சு பார்த்தப்ப 81 சதவீதம் பேருக்கு நரம்பு பாதிப்பு வந்துச்சு, இப்ப 600 கொடுக்கறதுக்கு அதுவும் ஒரு காரணம்.
நீயா நிறுத்தாத தம்பி, கிருமி மறுபடி தலைதூக்கினா கொடுக்க மருந்து ரொம்ப கம்மி. நாளைக்கே டாக்டர்கிட்ட காட்டு, அளவ 300 ஆக்குறதா, லினிசோலிட்ட மட்டும் நிப்பாட்டறதான்னு அவங்க பார்த்துப்பாங்க. ரத்தத்துல தட்டணு, ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லு. விடாம வாந்தி, மூச்சு வாங்கறதுன்னா ரத்தத்துல லாக்டிக் அமிலம் ஏறியிருக்கலாம், அப்ப ராத்திரியானாலும் கிளம்பிடு. பி6 மாத்திரைய இஷ்டத்துக்கு வாங்கிப் போடாத, அது ரொம்ப அதிகமானா அதுவே நரம்ப கெடுக்கும். சுகர் இருக்கா? மனசுக்கோ தூக்கத்துக்கோ எதாவது மாத்திரை போடறாரா? லினிசோலிட்டோட ஒத்துக்காத மாத்திரை அதுல இருக்கு.

கடைமடை விவசாயி:
தம்பி, எனக்கும் இதே மருந்துதான், திருத்துறைப்பூண்டி பக்கம். எரியறத சொன்னா மருந்த நிறுத்திடுவாங்களோன்னு பயந்து அஞ்சு வாரம் மறைச்சேன். அப்புறம் சிவப்பு நிறமே வெளுத்த மாதிரி தெரிய ஆரம்பிச்சுது, எழுத்து கலங்குச்சு, அன்னைக்கே ஓடினேன். லினிசோலிட்ட நிறுத்திட்டு மத்தத தொடர்ந்தாங்க, டிபி குணமாயிடுச்சு. பார்வை சில மாசத்துல திரும்பிடுச்சு, கால் விரல் மட்டும் இன்னும் மரத்துதான் கிடக்கு, ரெண்டு வருஷமாச்சு. அப்பாகிட்ட கண்ணு எப்படியிருக்குன்னு வாய் விட்டு கேளுங்க, அவரா சொல்ல மாட்டார்.

கோரையாறு:
அக்கா, அண்ணே ரொம்ப நன்றி. சுகர் இருக்கு அக்கா, வேற மாத்திரை எதுவும் இல்ல. அம்மாவோட சிவப்பு சேலைய காட்டி கேட்டேன், எப்பவும் போலதான் இருக்குன்னார், பேப்பரும் படிக்கிறார். ஆனா கண்ண மூடச் சொல்லி கட்டை விரல தொட்டா எந்தக் கால்னு சொல்லத் தெரியல. காலைல முதல் பஸ்ல கூட்டிட்டுப் போறேன், மாத்திரை அட்டை, பழைய ரத்த ரிப்போர்ட் எல்லாம் பையில எடுத்து வச்சாச்சு.