பிரெஞ்சு ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் சைக்கிள் பயணம்: அமைதியான சாலைகள் எவை?

கேள்வி (பெங்களூரு மல்லேஸ்வரத்திலிருந்து)

வணக்கம். நானும் என் கணவரும் ஐம்பதைக் கடந்தவர்கள். கடந்த ஆறு ஆண்டுகளாக ஞாயிறுதோறும் விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டு ஹெசரகட்டா பக்கம் சைக்கிள் ஓட்டிவிட்டு, லாரிகள் சாலைக்கு வருவதற்குள் வீடு திரும்பிவிடுவோம். ஒரு நாளைக்கு அறுபது கிலோமீட்டர் எங்களுக்குச் சிரமமில்லை. நந்தி மலையை ஒருமுறை இருவரும் கால் ஊன்றாமல் ஏறியிருக்கிறோம். ஆனால் அப்படிப்பட்ட ஏற்றத்தை நாள்தோறும் ஏற எங்களால் ஆகாது.

அடுத்த ஆண்டு பத்து நாள் விடுப்பில் பிரான்சின் தென்மேற்குப் பகுதியில், ஆற்றோரச் சாலைகளில் ஓட்டி, பழைய ஊர்களில் தங்க விரும்புகிறோம். யாரைக் கேட்டாலும் தோர்தோன் ஆற்றைத்தான் சொல்கிறார்கள். எங்களுக்கு வேண்டியது புகழ்பெற்ற இடங்களின் பட்டியல் அன்று. பின்னால் கேட்கும் ஆரன் சத்தத்துக்குத் தோளைக் குறுக்கிக்கொள்ளாமல் ஒரு நாள் முழுவதும் ஓட்டக் கூடிய சாலைதான் வேண்டும். எந்தப் பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுப்பது, எந்த மாதம் செல்வது, நாங்கள் இருவரும் சைவம் என்பதால் உணவுக்கு என்ன செய்வது என்பவற்றை அனுபவப்பட்டவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில் 1 (அல்சூரிலிருந்து)

அம்மா, அந்தப் பகுதியில் இரண்டு முறை ஓட்டியவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: பெரிய ஆற்றை விட்டுவிட்டு, அதில் வந்து சேரும் சிறிய ஆற்றைப் பிடியுங்கள்.

தோர்தோன் அழகான ஆறு என்பதில் ஐயமில்லை. பாறைச் சுவருக்கும் நீருக்கும் நடுவே ஒட்டிக்கொண்டிருக்கும் லா ரோக் கஜாக், குன்றின் மேலிருக்கும் பெனாக் கோட்டை, 1281-இல் திட்டமிட்டுக் கட்டப்பட்ட தோம் என்னும் மதில் ஊர் ஆகிய மூன்றும் ஒரே நாளில் பார்த்துவிடக் கூடிய தூரத்தில் இருக்கின்றன. அதனாலேயே கார்களும் சுற்றுலாப் பேருந்துகளும் அங்கே குவிகின்றன. லா ரோக் கஜாக், பெனாக் ஆகிய ஊர்களின் வழியாகச் செல்லும் டி 703 சாலை குறுகலானது. ஒருபக்கம் பாறை, மறுபக்கம் ஆறு என்பதால் ஒதுங்க இடமில்லை. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அதில் ஓட்டினால் நம் ஊரை விட்டு அவ்வளவு தூரம் சென்றதன் பயனே இல்லாமல் போகும்.

நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது செலே ஆறு. அது தோர்தோனுக்குத் தெற்கே ஓடும் லொத் ஆற்றின் துணையாறு. ஃபிஜாக் என்னும் பழைய ஊரிலிருந்து, அது லொத்தில் கலக்கும் கோந்துஷே வரை டி 41 சாலை ஆற்றை ஒட்டியே வளைந்து வளைந்து செல்கிறது. சுமார் 50 கிலோமீட்டர். நீங்கள் ஒரே நாளில் முடித்துவிடக் கூடிய தூரம்தான். ஆனால் முடிக்காதீர்கள், மூன்று நாள் கொடுங்கள். எஸ்பன்யாக்கில் பழைய மடத்தின் மணிக்கூண்டு மரச்சட்டமும் செங்கல்லுமாக நிற்கிறது. சான் சுல்பிஸில் வீடுகளின் பின்சுவரே மலைப்பாறை. மார்சியாக்கில் பாதி இடிந்த மடாலயத்தின் உள்ளே புல் முளைத்திருக்கிறது. அதன் எஞ்சிய பாதியில் இன்றும் வழிபாடு நடக்கிறது. மே மாதக் காலை ஒன்றில் பாறை சாலையின் மேல் கவிந்து நிற்கும் ஓர் இடத்தில் நான் பெடல் செய்வதை நிறுத்தினேன். பின்சக்கரம் தானே சுழலும் அந்த டிக் டிக் ஓசை பாறையில் பட்டு எனக்கே திரும்பிக் கேட்டது. அந்த அரை மணி நேரத்தில் என்னைக் கடந்து சென்றவை ஒரு தபால் வண்டியும் ஒரு டிராக்டரும் மட்டுமே.

கோந்துஷேவுக்குச் சற்று முன்னால் வரும் காப்ரரே ஊருக்கு மேலே, குன்றின் மீது பெஷ் மெர்ல் குகை இருக்கிறது. 1922-இல் அவ்வூர்ச் சிறுவர்கள் உள்ளே ஊர்ந்து சென்று கண்டுபிடித்த குகை அது. அதன் சுவரில் உள்ள, புள்ளிகள் இட்ட இரண்டு குதிரைகளின் ஓவியம் ஏறத்தாழ 29,000 ஆண்டுகள் பழமையானது. பழங்கால ஓவியங்களுக்குப் பெயர்பெற்ற, வெசேர் பள்ளத்தாக்கின் லாஸ்கோ குகை 1963-லேயே பொதுமக்களுக்கு மூடப்பட்டுவிட்டதால் அங்கே நாம் பார்ப்பது நகல்தான். பெஷ் மெர்லில் மூல ஓவியத்தையே நேரில் பார்க்கலாம். நாள் ஒன்றுக்கு இத்தனை பேர் என்று வரம்பு வைத்திருப்பதால் இங்கிருந்தே முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஏற்றத்தைப் பற்றி: ஆற்றை ஒட்டி ஓட்டும் வரை உங்களுக்கு ஒரு தொல்லையும் இல்லை. ஒரு பள்ளத்தாக்கிலிருந்து இன்னொன்றுக்குக் குறுக்கே போக நினைத்தால், நடுவில் கோஸ் என்று அவர்கள் அழைக்கும் சுண்ணாம்புக்கல் மேட்டுநிலத்தின் மேல் ஏறித்தான் ஆக வேண்டும். வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்தில் தெரியும் இரு ஊர்களுக்கு இடையே இருநூறு மீட்டர் ஏற்றம் ஒளிந்திருக்கும். மிச்செலின் தாள் வரைபடம் ஒன்றை வாங்கி, வெள்ளை நிறத்தில் குறிக்கப்பட்ட சிறு சாலைகளைத் தேடுங்கள். ஓரத்தில் பச்சைக் கோடு இருந்தால் அது இயற்கைக் காட்சி நிறைந்த சாலை என்று பொருள். கைப்பேசியை மட்டும் நம்பினால் அது குறுக்கு வழி என்று உங்களை மேட்டில் ஏற்றிவிடும்.

மே நடுவிலிருந்து ஜூன் இறுதி வரை, அல்லது செப்டம்பர் செல்லலாம். ஜூனில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும்; ஆகவே அவசரம் தேவையில்லை. வண்டிகள் ஊருக்கு வெளியே சைக்கிளிலிருந்து ஒன்றரை மீட்டர் விலகியே முந்த வேண்டும் என்பது அங்கே சட்டம். கிராமப்புறத்தில் பெரும்பாலோர் அதை மதித்துப் பொறுமையாகப் பின்னால் வருவதைக் கண்டேன். நாம் சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பதை இரண்டு நாளில் பழகிவிடலாம். மனத்தில் நன்றாகப் பதிய வைக்க வேண்டியது வேறொன்று: எந்தப் பலகையும் கோடும் இல்லாத சந்திப்பில், வலப்புறச் சிறு சந்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை. பழைய ஊர்களுக்குள் நுழையும்போது இதை மறந்துவிடாதீர்கள்.

பதில் 2 (ஜெயநகரிலிருந்து)

உணவைப் பற்றி நான் சொல்கிறேன். நானும் சைவம், முட்டையும் உண்பதில்லை. அந்த வட்டாரச் சமையல் வாத்தையும் வாத்துக் கொழுப்பையும் நம்பி நடப்பது. சார்லா ஊரின் பெயரால் விற்கும் உருளைக்கிழங்கு வறுவலைப் பார்த்தால் நம் வீட்டுப் பொரியல் போலவே இருக்கும், பூண்டு மணக்கும். ஆனால் அது வாத்துக் கொழுப்பில் வறுத்தது. நான் முதல் நாளே அதைத் தட்டில் வைத்துக்கொண்ட பிறகுதான் கேட்டறிந்தேன். அன்று முதல் எதையும் கேட்காமல் உண்பதில்லை. பாலாடைக்கட்டிகளில் பலவற்றுக்குக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருளைச் சேர்க்கிறார்கள் என்பதையும் உங்கள் நோன்புக்கு ஏற்ப எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்றபடி பட்டினி கிடக்க நேராது. அது அக்ரூட் விளையும் பூமி. அக்ரூட் சேர்த்த ரொட்டி, தக்காளி, செர்ரிப் பழம் என்று மதிய உணவை ஆற்றங்கரையிலேயே முடித்துக்கொள்ளலாம். ஆனால் காலையிலேயே வாங்கிவிடுங்கள். பன்னிரண்டரை மணிக்குக் கடையைச் சாத்தினால் மூன்று மணி வரை திறக்க மாட்டார்கள். திங்கட்கிழமை பல கடைகளுக்கு முழு நாள் விடுமுறை. இரவுக்குச் சமையலறை உள்ள விடுதியாகப் பார்த்துத் தங்கினால், ஒரு கிலோ அரிசியும் நீங்கள் கொண்டுபோகும் பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் போதும். நெய்யும் பால்கோவாவும் எடுத்துச் செல்லாதீர்கள். பால் பொருள்களை வெளிநாட்டுப் பயணிகள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரத் தடை இருக்கிறது.

தண்ணீர் தீர்ந்துவிட்டால் அவ்வூர் இடுகாட்டைத் தேடுங்கள். பூச்செடிகளுக்கு ஊற்றுவதற்காக வாயிலருகில் ஒரு குழாய் இருக்கும். குடிக்க உகந்ததன்று என்று எழுதியிருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள். நம் வழக்கத்தில் அங்கே போய் நீர் பிடிக்க மனம் கூசும், எனக்கும் கூசியது. அங்கிருந்த முதியவர் ஒருவரே என் புட்டியை வாங்கி நிரப்பிக் கொடுத்தார்.

பதில் 3 (ஒயிட்ஃபீல்டிலிருந்து)

சொந்தச் சைக்கிளைக் கொண்டுபோவதானால் ஒரே ஒரு அறிவுரை: உங்கள் சைக்கிள் சட்டத்துக்குப் பொருந்தும் டீரெயிலர் ஹேங்கர் (பின் கியர் மாற்றியைச் சட்டத்தோடு பிணைக்கும் துண்டு) ஒன்றை உபரியாக எடுத்துச் செல்லுங்கள். விமானப் பயணத்தில் என் பெட்டி எங்கோ தூக்கி எறியப்பட்டு, திறந்தபோது அந்தச் சிறிய அலுமினியத் துண்டு உள்பக்கம் வளைந்திருந்தது. கியர் ஒன்றும் சரியாக விழவில்லை. ஒவ்வொரு சட்டத்துக்கும் அதன் வடிவம் வேறு என்பதால் சிற்றூர்க் கடையில் கிடைக்காது. என் பயணத்தின் முதல் மூன்று நாள்கள் அதைத் தேடுவதிலேயே கழிந்தன. பத்து நாளுக்குத்தான் என்றால் அங்கேயே வாடகைக்கு எடுப்பதும் நல்ல வழிதான். எதுவாயினும் 32 மில்லிமீட்டர் டயரும் பின்னால் 34 பல் கொண்ட கியரும் இருக்கட்டும். பைகளின் எடையோடு குகைக்கு ஏறும்போது அவை கை கொடுக்கும்.

பிரான்சு செல்லத் தேவையான ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோ அளவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. செலே ஆறு என்று முடிவு செய்துவிட்டோம். சைக்கிளை அங்கேயே வாடகைக்கு எடுத்துக்கொள்கிறோம். இன்னும் ஒரே ஐயம்: ஃபிஜாக்கில் தொடங்கிக் கீழ்நோக்கி வருவதா, லொத் ஆற்றங்கரை நகரமான காஓரில் தொடங்கி எதிர்த்திசையில் செல்வதா?

பதில் 1-ஐ எழுதியவர்

ஃபிஜாக்கிலிருந்தே தொடங்குங்கள், அம்மா. பாரிஸின் ஓஸ்தெர்லிட்ஸ் நிலையத்திலிருந்து ப்ரீவ் வரை ஒரு ரயில், அங்கிருந்து ஃபிஜாக்குக்கு வட்டார ரயில். எகிப்தியச் சித்திர எழுத்துகளைப் படித்தறிந்த ஷாம்போலியோன் 1790-இல் பிறந்த ஊர் அது. அவ்வெழுத்துகளைப் படித்தறிய உதவிய ரொசெட்டாக் கல்லின் எழுத்துகளைப் பெரிதாக்கிப் பொறித்த கருங்கல் தளம் ஒன்று முற்றத்தின் தரையாகவே இருக்கிறது, அதன் மேல் நடந்து பார்க்கலாம். மேற்கு நோக்கி ஆற்றோடு இறங்குவதால் காலையில் வெயில் முதுகுப்பக்கம் இருக்கும், முன்னால் உள்ள பாறைகள் ஒளியில் தெளிவாகத் தெரியும். கோந்துஷேவில் லொத் ஆற்றைச் சேர்ந்ததும், நதியின் மறுகரையில் குன்றின் விளிம்பில் நிற்கும் சான் சீர் லாபோபி ஊருக்கு மாலை ஐந்து மணிக்கு மேல் ஏறுங்கள். பகலில் வந்த கூட்டம் அதற்குள் இறங்கிப் போயிருக்கும். அன்றிரவு அங்கேயே தங்கிவிடுங்கள். காஓரை நெருங்கும் கடைசிப் பகுதியில் மட்டும் வண்டிகள் சற்றுக் கூடும். 1308-இல் கட்டத் தொடங்கிய மூன்று கோபுர வாலந்த்ரே பாலம் அங்கே ரயில் நிலையத்துக்கு அருகிலேயே இருக்கிறது. மோட்டார் வண்டிகளுக்கு அதில் அனுமதி இல்லை. ஆகவே ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய், அதைச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து கடந்து பாருங்கள்.