பழைய ஃபோர்ட் ஈ-250 வான், 401 ஹைவேயில மொன்றியல் ஓட்டம்: ஸ்னோவுக்கு முதல் என்னென்ன பார்க்கவேணும்?

சில்லு:

வணக்கம் உறவுகளே. வான் 2006 ஃபோர்ட் ஈ-250 கார்கோ, 5.4 லீற்றர் வி8, ஓடினது 2,90,000 கி.மீ. கிழமைக்கு ஒருக்கா ஸ்காபரோவில இருந்து மொன்றியல், ஒரு பக்கம் 540 கி.மீ. போகேக்க 500 கிலோ அளவில சாமான், வரேக்க வெறும் வான். கேள்விகள் இதுதான்:

1. வெறும் வானோட சிக்னலில எடுக்கேக்க பின்பக்கம் சறுக்கி ஒரு பக்கமா இழுக்குது. எவ்வளவு பாரம் ஏத்தவேணும், எங்க வைக்கவேணும்?
2. ரவுணுக்குள்ள ஹீற்றர் நல்ல சூடு. ஹைவேயில 100-ல போகேக்க வெதுவெதுப்பாப் போய் முன்கண்ணாடி மங்குது.
3. பின்சில்லு இழுக்கிற வான்தானே, பின்னுக்கு மட்டும் ரெண்டு வின்ரர் ரயர் போட்டாக் காணும் எண்டு சொல்லுகினம். சரியோ?
4. முன்னுக்கு பிளக் ஒண்டு தொங்குது. பிளொக் ஹீற்றர் (நிக்கிற எஞ்சினைக் கரண்டால சூடாக்கிறது) வேலை செய்யுதோ எண்டு எப்பிடிப் பார்க்கிறது?

கறள்:

தம்பி, மூண்டாவதில இருந்து தொடங்குவம், அதுதான் ஆபத்தானது. ரெண்டு ரயர் போடாதேங்கோ. பின்னுக்குப் பிடிப்பு வந்தா வான் கிளம்பும், ஆனால் திரும்புறதும் பிரேக்கின்ர பெரும்பகுதியும் முன்சில்லில. முன்னுக்குக் கோடை ரயரோட ஸ்ரியரிங் வெட்டினா வான் நேராத்தான் போகும். நாலும் ஒரே வகை, பக்கச் சுவரில மூண்டு சிகர மலையும் அதுக்குள்ள பனிப்பூவும் போட்ட அடையாளம் இருக்கவேணும். 7 பாகைக்குக் கீழ சாதாரண ரப்பர் இறுகத் தொடங்கும். பாவிச்ச ரயர் வாங்கினா 5 மி.மீ.க்குக் குறைஞ்ச பூ (ரயரில வெட்டியிருக்கிற பள்ளத்தின் ஆழம்) உள்ளதை எடுக்காதேங்கோ. சட்டத்துக்குச் சரி, ஸ்னோவுக்குச் சரிவராது. கார் ரயரை மலிவெண்டு பூட்டவேண்டாம். கதவுத் தூணில ஒட்டியிருக்கிற அளவில, எல்.ரி. எண்டு தொடங்குற பார ரயர்தான் வேணும். பூட்டி 100 கி.மீ. ஓடினாப் பிறகு நட்டுகளை டோர்க் ரெஞ்சால (இறுக்கிற விசையை அளந்து காட்டுற சாவி) ஒருக்கா இறுக்குங்கோ.

கியூபெக்கில டிசம்பர் 1 தொடக்கம் மார்ச் 15 வரை வின்ரர் ரயர் கட்டாயம். அது அங்க பதிஞ்ச வாகனங்களுக்கு. ஒன்ராறியோ பிளேற்றுக்கு அந்தச் சட்டம் இல்லை, ஆனால் ஐஸுக்கு பிளேற் தெரியாது.

காத்து விசயம் கனபேர் பிழை விடுகினம். "பத்து பாகை ஃபாரன்ஹைற்றுக்கு ஒரு பி.எஸ்.ஐ. (ரயர்க் காத்தின் அமுக்க அளவு)" எண்டது கார் ரயர்க் கணக்கு. உங்கட பின் ரயருக்கு ஸ்ரிக்கரில 80 எண்டு இருந்தா, 20 பாகை கராஜுக்குள்ள 80 அடிச்சிட்டு −20-க்கு வெளிய நிப்பாட்டினா 13 அளவில இறங்கும். அதால வெளியில, குளிரில, ஓட முதல் பாருங்கோ. பிடிப்புக்கெண்டு காத்தைக் குறைக்கிறதும் வேண்டாம், 500 கிலோவோட ரயர் சூடேறி வெடிக்கும்.

பாரம்: 60 றாத்தல் மண் குழாய்ப் பைகள் ஹார்ட்வெயார் கடையில கிடைக்கும், ஒண்டு 27 கிலோ. நாலு இல்லாட்டி அஞ்சு போதும். பின் அச்சுக்கு நேர மேல, ரெண்டு சில்லு மேட்டுக்கும் நடுவில வைச்சு பட்டியால தரை வளையத்தோட இறுக்குங்கோ. பின் கதவடியில வைச்சா முன்பக்கம் தூக்கும், சறுக்கினா பின்பக்கம் ஊஞ்சல் மாதிரி வீசும். கட்டாத 27 கிலோ பிரேக் அடிக்கேக்க உங்கட முதுகுக்குத்தான் வரும். தண்ணிக் கலன் வைக்காதேங்கோ, உறைஞ்சு வெடிக்கும். உப்புப் பையும் வேண்டாம், கசிஞ்சா தரை கறள் பிடிக்கும். போகேக்கயும் பாரமான சாமானை அதே இடத்திலதான் அடுக்கவேணும்.

ஒண்டு மறக்கவேண்டாம்: அந்த மண் ஈரமானாக் கல்லா உறையும். புதைஞ்சா சில்லுக்குக் கீழ போட ஒரு வாளி காய்ஞ்ச மண்ணை முன்னுக்கு, கால் வைக்கிற பக்கம், மூடி வைச்சிருங்கோ.

ஸ்பானர்:

ஹீற்றர் பிரச்சினைக்கு நீங்கள் சொன்ன அறிகுறியே பாதி விடை. ரவுணில சூடு, ஹைவேயில குளிர் எண்டால் பெரும்பாலும் தேமோஸ்ரற் (எஞ்சின் சூடாகும்வரை தண்ணியை ரேடியேற்றருக்கு விடாமல் மறிக்கிற வால்வு) திறந்தபடி இறுகியிருக்கு. வேகமாப் போகேக்க ரேடியேற்றர் எஞ்சினைத் தேவைக்கு மிஞ்சிக் குளிர்விக்குது. கூலன்ற் (எஞ்சினுக்குள்ள சுத்துற குளிர்விக்கிற தண்ணி) குறைஞ்சிருந்தா மறுவளமா நடக்கும்: நிக்கேக்க குளிர், எஞ்சினைக் கூட்டினாச் சூடு.

உறுதிப்படுத்த: முழுக்க ஆறின எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணி, ரேடியேற்றருக்கு மேல போற தடிச்ச ஹோஸைத் தொட்டுப் பாருங்கோ. அது கன நேரம் குளிராவே இருந்து பிறகு சட்டெண்டு சூடாகவேணும். தொடக்கத்திலேயே மெல்ல மெல்லச் சூடேறினா தேமோஸ்ரற் போட்டுது. சட்டைக் கை, சால்வை எல்லாம் கவனம், முன்னுக்குச் சுத்துற ஃபான் பெல்ற்றில ஓடுறது. ஓ.பி.டி. கருவி (வானின்ர கணினியை வாசிக்கிறது) இருந்தா ஹைவேயில கூலன்ற் வெப்பத்தைப் பாருங்கோ: 90 பாகையை ஒட்டி நிக்கவேணும், 60–70-க்கு இறங்கினா அதுதான். அதில பி0128 எண்ட பிழைக் கோட் (எஞ்சின் போதிய சூட்டுக்கு வரேல்லை எண்டது) விழுந்திருந்தா இன்னும் உறுதி.

தேமோஸ்ரற் இருக்கிறது அந்த மேல் ஹோஸ் எஞ்சினில போய் முட்டுற மூடிக்குள்ள. எஞ்சின் ஆறினாப் பிறகு ரெண்டு லீற்றர் அளவில கூலன்றை இறக்கி, ரெண்டு போல்ற் கழட்டி, புது தேமோஸ்ரற்றும் ரப்பர் வளையமும் போட்டுப் பூட்டுறதுதான். பிறகு ஹீற்றரை முழுச் சூட்டில விட்டு, காத்து வெளியேறும்வரை எஞ்சினை ஓடவிட்டு, கூலன்ற் நிரப்புங்கோ. அன்ரிஃபிரீஸும் காய்ச்சி வடிச்ச தண்ணியும் பாதிப் பாதி, அது −37 வரை தாங்கும். "குளிர் கூட, தண்ணி கலக்காம விடுவம்" எண்டு நினைச்சா மோசம் போவீங்கள். தனி அன்ரிஃபிரீஸ் −13-க்குக் கிட்டவே உறையும்.

மாத்தியும் சூடு வராட்டி, எஞ்சினில இருந்து கபினுக்குள்ள போற ரெண்டு சின்ன ஹோஸையும் தொடுங்கோ. ஒண்டு சூடு, ஒண்டு குளிர் எண்டால் ஹீற்றர் கோர் (கபினைச் சூடாக்கிற சின்ன ரேடியேற்றர்) அடைச்சிருக்கு. ரெண்டும் சூடு, காத்து மட்டும் குளிர் எண்டால் உள்ளுக்குச் சூட்டையும் குளிரையும் கலக்கிற கதவு வேலை செய்யேல்லை.

கண்ணாடி மங்குறதுக்கு: உள்காத்தைச் சுத்துற பட்டனை நிப்பாட்டி, வெளிக்காத்தை எடுத்து, டிஃப்ரொஸ்ற்றில விடுங்கோ. கால் மிதியில கிடக்கிற ஸ்னோவைத் தட்டுங்கோ, ஈரம் அதிலயிருந்துதான் வருது. கார்கோ வானில சீற்றுக்குப் பின்னால தடுப்பு இல்லாட்டி ஹீற்றர் முழு வானையும் சூடாக்கப் பார்க்கும். தடிச்ச திரைச்சீலை ஒண்டு மேல இருந்து தரைமட்டும் தொங்கவிட்டாப் பெரிய வித்தியாசம்.

பிளொக் ஹீற்றர்: பிளக்கை எங்கயும் செருகாமல் மல்ற்றி மீற்றரில ரெண்டு கம்பிக்கும் நடுவில ஓம் அளவுங்கோ. 400 வாட் எண்டால் 36 ஓம் கிட்ட காட்டும். ஒண்டும் காட்டாட்டி சூடாக்கி இல்லாட்டி வயர் அறுந்திருக்கு. பிளக்கின்ர எர்த் முனைக்கும் மற்றதுகளுக்கும் இடையில எதாவது காட்டினா செருகவே வேண்டாம். வேலை செய்தா −15-க்குக் கீழ போற நாளில, எடுக்க மூண்டு மணித்தியாலத்துக்கு முதல் ரைமர் போட்டு விட்டாக் காணும். இரவு முழுக்க விடுறது கரண்ட் பில்லுக்குத்தான். வெளிப் பாவனைக்கான 14 கேஜ் வயர் எடுங்கோ.

பற்றரி: ஒரு இரவு நிண்டாப் பிறகு 12.6 வோல்ற் இருக்கவேணும். 12.2 எண்டால் பாதிதான். காலியான பற்றரி −10-க்குள்ளயே உறையும், உறைஞ்சு வீங்கினதுக்கு ஜம்ப் குடுத்தா வெடிக்கும்.

நடுவழி:

முன்னுக்கு எழுதினவை தொடாத ஒண்டு: காபன் மொனொக்சைட், எஞ்சின் புகையில வாற மணமில்லாத நச்சு வாயு. இந்த வானில எஞ்சினின் பின்பாதி ரெண்டு சீற்றுக்கும் நடுவில, மூடிக்குக் கீழ இருக்கு. பழைய வி8-ல எக்ஸோஸ்ற் மனிஃபோல்ட் (எஞ்சினில இருந்து புகையைச் சேர்த்து எடுக்கிற குழாய்) போல்ற் முறிஞ்சா, குளிரில ஸ்ரார்ட் பண்ணேக்க "டிக் டிக்" சத்தம் வந்து சூடேற மறையும். அந்தப் புகை மூடியின் ரப்பர் வழியா நேர உங்களிட்ட வரும். ரப்பரையும் பின்கதவு ரப்பரையும் பாருங்கோ. பற்றரியில வேலை செய்யிற காபன் மொனொக்சைட் அலாரம் ஒண்டு கபினில மாட்டுங்கோ. ரோட்டில மாட்டுப்பட்டு நிண்டா முதல் வேலை எக்ஸோஸ்ற் குழாயைச் சுத்தி ஸ்னோவை வழிக்கிறது. பிறகு மணித்தியாலத்துக்கு பத்து நிமிசம் மட்டும் எஞ்சின், காத்து அடிக்காத பக்கக் கண்ணாடி ஒரு விரலளவு திறந்தபடி. அதுக்காகவே காஸ் அரைத் தாங்கிக்குக் கீழ இறங்க விடக்கூடாது.

சறுக்காம எடுக்க: கியரை 2-ல போடுங்கோ. இந்த கியர்பொக்ஸ் அதில ரெண்டாம் கியரிலேயே கிளம்பும், சில்லுக்குப் போற விசை குறையும். 30 வந்தாப் பிறகு மாத்துங்கோ. குரூஸ் கொன்ற்ரோல் (வேகத்தைத் தானா பிடிச்சு வைக்கிறது) ஸ்னோவில தொடவே கூடாது. ஐஸ் இறக்கத்தில சடாரெண்டு கீழ் கியர் போட்டாப் பின்சில்லு பிடிபட்டு வான் சுத்தும். பின்பக்கம் வீசினா காஸ் காலை எடுத்து, பிரேக்கைத் தொடாமல், போகவேண்டிய பக்கம் பார்த்து ஸ்ரியரிங்கைத் திருப்புங்கோ.

லைற்: பகலில தானா எரியிற முன் லைற்றோட உங்கட வயது வானில பின் லைற் எரியாது. பனிப்புகாரில பின்னுக்கு வாற ட்ரக்குக்கு நீங்கள் தெரியமாட்டீங்கள். சுவிச்சைத் திருப்பியே எரியுங்கோ.

நீல லைற் மின்னுற, ஸ்னோ வழிக்கிற வண்டிகள் படிவரிசையா போனா முந்தாதேங்கோ. முன்னுக்கு ரோட்டே இருக்காது. −18-க்குக் கீழ உப்பு அவ்வளவா வேலை செய்யாது, ரோட்டு ஈரமாத் தெரிஞ்சாலும் பாலத்தில ஐஸ் இருக்கும்.

சில்லு:

நன்றி எல்லாருக்கும். ஹோஸ் ஸ்ரார்ட் பண்ணி ரெண்டு நிமிசத்திலேயே வெதுவெதுப்பாகுது. மீற்றரில 37 ஓம். தேமோஸ்ரற் வரும்வரை ரேடியேற்றருக்கு முன்னால மட்டை வைச்சு ஓடலாமோ?

ஸ்பானர்:

பிளொக் ஹீற்றர் நல்லாயிருக்கு. தேமோஸ்ரற் உறுதி. மட்டை ஒரு நாளுக்குச் சரி, பாதிக்கு மேல மறைக்காதேங்கோ, வெப்பமானியில கண் இருக்கட்டும். ரவுணுக்குள்ள வந்தா எடுத்திடுங்கோ.

கறள்:

மட்டை வைக்கக் கீழ குனியேக்க பிரேக் குழாய்களையும் ஒருக்கா லைற் அடிச்சுப் பாருங்கோ. ஓட்டுநர் பக்கச் சட்டத்தோட பின்னுக்குப் போற இரும்புக் குழாய் உப்பில செதில் செதிலாக் கறள் பிடிச்சிருந்தா அது முதல், தேமோஸ்ரற் பிறகு. மாத்தினா செப்பு-நிக்கல் குழாய் போடச் சொல்லுங்கோ, கறள் பிடிக்காது, வளைக்கவும் சுகம். ஹான்ட் பிரேக்கை ஈரத்தோட இழுத்து விட்டு இரவு நிப்பாட்டாதேங்கோ. கேபிள் உறைஞ்சா காலமை பின்சில்லு சுத்தாது. சமதரையில கியரை பி-யில (பார்க்) விட்டாக் காணும்.