பரிணாமம் என்றாலே பேச்சு முறிகிறது, வழி சொல்லுங்க

தண்டையார்பேட்டையில் ஞாயிறு மாலை 5 மணிக்கு எங்கள் உரையாடல் வட்டம். 18 பேர்: மாதா கோயில், பள்ளிவாசல், அம்மன் கோயில் போகிறவர்கள், பெரியார் பற்றாளர்கள்.

பெருவெடிப்பில் சிக்கல் இல்லை. 1931-இல் அதற்கு முன்னோடியான ஆதி அணு கருத்தை (பிரபஞ்சம் ஒற்றை அணுவிலிருந்து தொடங்கியது என்பது) முன்வைத்த லெமேத்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் என்றதும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பரிணாமம் வந்தால் 20 நிமிடத்தில் குரல் உயர்கிறது. "அப்போ குரங்குதான் நம்ம தாத்தாவா?" என்று ஆரம்பிக்கும். பொது மூதாதையைக் கிளை போட்டு வரைந்தும் காட்டியாச்சு. 'கோட்பாடு' என்றால் ஊகம் என்றே காதில் விழுகிறது.

ஆளுக்கு 3 நிமிடம் வைத்தோம். மணி அடித்தும் நிறுத்துவதில்லை. கேள்விச் சீட்டும் எடுபடவில்லை. எதிரில் இருப்பவர் சொன்னதை, அவர் "ஆமா, அதேதான்" என்னும்வரை திருப்பிச் சொல்லிவிட்டுப் பதில் பேசுவது மட்டும் பலித்தது. ஆனால் நேரம் இழுக்கிறது. சூரியன் மறைந்ததும் வரும் மஃரிப் தொழுகைக்கு முன் முடித்தாக வேண்டும்.

இந்த முறையை 18 பேரோடு ஒரு மணி நேரத்தில் எப்படி நடத்தலாம்?