ஹனுக்கா தரவுப் புதிர், மூன்றாம் நாள்: ஒருவர்கூட மிஞ்சவில்லை, உதவுங்கள்

இரவுவிழி:
வணக்கம். யூதர்களின் ஹனுக்கா பண்டிகைக்காக வெளியிட்ட இணையப் புதிர்த்தொடர் இது; வாடிக்கையாளர் தரவை வடிகட்டி, ஒரு கம்பளம் யார் யாரிடம் போனது என்று தேட வேண்டும். முதல் இரண்டு புதிர்களையும் முடித்துவிட்டேன், மூன்றாவதில் நிற்கிறேன். கம்பளம் கைமாறிப் போன ஆள் கடக ராசி, சீன நாட்காட்டியின் முயல் ஆண்டில் பிறந்தவர், இரண்டாம் புதிரின் விடையான ஒப்பந்தக்காரர் இருக்கும் அதே பேட்டைக்காரர். மூன்று நிபந்தனைகளையும் சேர்த்துப் போட்டால் பட்டியல் காலியாகிவிடுகிறது. எதையாவது ஒன்றை எடுத்துவிட்டால் ஆட்கள் வருகிறார்கள். எங்கே கோளாறு? இது முடியாமல் நான்காவது திறக்காது. கொஞ்சம் அவசரம்.

கேள்விக்கொக்கி:
எந்த ஆண்டுப் பதிப்பு? 5783, 5784 (யூத ஆண்டுக் கணக்கு) இரண்டிலும் கம்பளத்தைத்தான் தேடுகிறோம், ஆனால் விடைகள் வேறு வேறு. கடகம் என்பதால் 5784 என்று எடுத்துக்கொள்கிறேன். எதில் செய்கிறீர்கள்: எஸ்க்யூஎல், பைத்தான், விரிதாள்? எழுதிய நிபந்தனையை அப்படியே இங்கே இடுங்கள்.

நிரல்வண்டு:
எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் தேதியிலிருந்து மாதத்தைப் பிரிக்கும் செயற்கூறு தருவது எண் அல்ல, எழுத்துச்சரம். ஜூலை மாதம் 07 என்று சுழியத்தோடு வரும். அதை வெறும் 7 என்ற எண்ணோடு ஒப்பிட்டால் ஒருபோதும் சமமாகாது, பிழைச் செய்தியும் காட்டாது. ஒரு வரியும் வராது, அவ்வளவுதான். சுழியத்தைச் சேர்த்து மேற்கோள்குறிக்குள் போடுங்கள். சரியாகிவிடும்.

பழையகணினி:
வடிகட்டியைப் போடும் முன் தரவைக் கண்ணால் பார்க்கும் பழக்கம் இப்போது யாருக்கும் இல்லை. தம்பி, உங்கள் இரண்டாம் விடையே தவறாக இருக்கும். பேட்டை அந்த ஒப்பந்தக்காரரின் முகவரியிலிருந்து வருவது. ஆள் மாறினால் அஞ்சல் குறியீடும் மாறும். அடிப்படையிலிருந்து தொடங்குங்கள்.

கேள்விக்கொக்கி:
இரண்டாம் விடை தவறாக இருக்க வழியில்லை ஐயா. சரியான தொலைபேசி எண்ணைக் கொடுத்தால்தான் தளம் மூன்றாம் புதிரைத் திறக்கும்.

கோவைத்தரவு:
முயல் ஆண்டை எப்படிக் கணக்கிட்டீர்கள்? ஆண்டை 12ஆல் வகுத்து மீதி 7 என்று போட்டிருந்தால் கவனம் தேவை. சீனப் புத்தாண்டு ஜனவரி 1 அன்று தொடங்குவதில்லை. 1999இல் பிப்ரவரி 16, 1987இல் ஜனவரி 29. அதற்கு முன் பிறந்தவர்கள் முந்தைய புலி ஆண்டைச் சேர்ந்தவர்கள். பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

பஞ்சாங்கப்பிரியை:
பொதுவாக அது சரி. ஆனால் கடகம் ஆண்டின் நடுவில் வருவது. சீனப் புத்தாண்டு எப்படியும் பிப்ரவரி 20க்குள் வந்துவிடும். ஆகவே இந்தப் புதிருக்கு மீதி 7 போதும்: 1951, 1963, 1975, 1987, 1999. நண்பர் கடகத்துக்கு எந்தத் தேதிகளைப் போட்டார் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

நிரல்வண்டு:
தேதி எதுவானாலும் எழுத்துச்சரமாக ஒப்பிடாவிட்டால் வராது. அதை முதலில் பார்க்கட்டும்.

இரவுவிழி:
பதிப்பு 5784தான். லிப்ரெஆபீஸ் கால்க் விரிதாளில் செய்கிறேன். தேதிகள் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டித்தான் நிற்கின்றன, எழுத்தாக இல்லை. முயலுக்கு மீதி 7. கடகத்துக்கு ஜூலை 17 முதல் ஆகஸ்ட் 16 வரை. நாட்காட்டியைப் பார்த்துத்தான் போட்டேன்.

பஞ்சாங்கப்பிரியை:
அது ஆடி மாதம்! நம் பஞ்சாங்கப்படி சூரியன் கடகத்தில் இருக்கும் காலம் அதுதான். ஆனால் கதை நடப்பது நியூயார்க்கில், அந்த ஆள் சொல்வது மேற்கத்திய ராசி. அங்கே சூரியன் வடகோடிக்குப் போகும் நாளில், ஜூன் 21 வாக்கில், கடகம் தொடங்கிவிடும். ஜூலை 22இல் முடியும். நாம் ராசிகளை விண்மீன்களை வைத்து எண்ணுகிறோம், அவர்கள் சம இரவு நாளை வைத்து எண்ணுகிறார்கள். இரண்டுக்கும் இடையே இன்று ஏறக்குறைய 24 பாகை விலகல், நாள் கணக்கில் மூன்றரை வாரம். இதைத்தான் அயனாம்சம் என்கிறோம். உங்கள் வடிகட்டியும் சரியான காலமும் ஜூலை 17 முதல் 22 வரை மட்டுமே ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. மீதி நாட்களில் பிறந்த கடகக்காரர்கள் எல்லோரையும் வெளியே தள்ளிவிட்டீர்கள்.

இன்னொன்று. நம் வீடுகளில் ராசி என்றால் பிறந்த நேரத்தில் சந்திரன் இருந்த ராசி. அதற்குப் பிறந்த நேரமும் ஊரும் வேண்டும். இந்தத் தரவில் தேதி மட்டும்தான் இருக்கிறது. அந்த வழியில் போக வேண்டாம்.

பழையகணினி:
தரவுப் புதிரில் சோதிடம் எதற்கு என்று முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். இணைப்பு, தொகுப்பு, சாளரச் செயற்கூறு என்று எஸ்க்யூஎல் உத்திகளைக் கற்றுக்கொடுப்பதை விட்டுவிட்டு ராசி பார்க்கச் சொல்கிறார்கள்.

கோவைத்தரவு:
இதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த ஆளின் பேச்சில் இருப்பதைத் தேதி எல்லையாக மாற்றுவதுதான் இங்கே பயிற்சி. அலுவலகத்தில் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது என்று யாரும் சொல்லாமல் விட்டால் அறிக்கை தவறாகத்தான் வரும். ஹனுக்காவே நகரும் பண்டிகை அல்லவா? யூத நாட்காட்டியின் கிஸ்லேவ் மாதம் 25ஆம் நாள் தொடங்கி எட்டு நாட்கள். 2022இல் டிசம்பர் 18 மாலை தொடங்கியது, 2023இல் டிசம்பர் 7, 2024இல் டிசம்பர் 25. அப்படி ஒரு பண்டிகைக்காகச் செய்த புதிரில் இரண்டு நாட்காட்டிகள் மோதுவது பொருத்தம்தான்.

பழையகணினி:
நிதியாண்டு நிறுவனத்தின் விதி. ராசி நம்பிக்கை. இரண்டும் ஒன்றல்ல.

கோவைத்தரவு:
நம்பிக்கை அவருடையது, எல்லை நமக்கு. பிறந்த தேதி நெடுவரிசைக்கு இரண்டும் ஒன்றுதான்.

நிரல்வண்டு:
கால்க் என்று முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் எஸ்க்யூலைட் விளக்கத்தை எழுதியிருக்க மாட்டேன். எஸ்க்யூலைட்டில் செய்கிறவர்களுக்கு அது உதவட்டும், அப்படியே இருக்கட்டும்.

இரவுவிழி:
ஜூன் 21 முதல் ஜூலை 22 வரை என்று மாற்றினேன். ஒரே ஒருவர் நின்றார், எண்ணைக் கொடுத்ததும் தளம் ஏற்றுக்கொண்டது. பஞ்சாங்கப்பிரியை அவர்களுக்கு மிக்க நன்றி. நான்காவதுக்குப் போகிறேன்.

கேள்விக்கொக்கி:
பெயரை இங்கே போடாமல் விட்டதற்கு நன்றி. நான்காவதில் நேரம் முக்கியம். பேக்கரிப் பொருட்களின் குறியீடு எந்த எழுத்துகளில் தொடங்குகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தறிக்காரன்:
இடையில் ஒரு சந்தேகம். நான் 5783 பதிப்பில் இருக்கிறேன். அதன் மூன்றாவதில் மேஷம், நாய் ஆண்டு. இங்கே சொன்ன விலகல் அதற்கும் உண்டா?

பஞ்சாங்கப்பிரியை:
உண்டு. சித்திரை மாதத்தை எடுக்காதீர்கள். மார்ச் 21 முதல் ஏப்ரல் 19 வரை போடுங்கள். நாய் ஆண்டுக்கு மீதி 2.