இந்து நகர் ஃபிலிம் ஆலை வளாகம்: மண், நீர் மாதிரி எடுக்க உதவி தேவை

வணக்கம். ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1960-இல் தொடங்கிய பொதுத்துறை நிறுவனம். மூடியாயிற்று. இனி அந்த இடத்தில் எது வந்தாலும் முதலில் மண்ணையும் நிலத்தடி நீரையும் சோதித்துவிட வேண்டும். மாசு இருக்கிறது என்று சொல்லவில்லை. எண் கையில் இருந்தால் பேச வசதி.

ஃபிலிம் தயாரிப்பு நடந்த இடத்தில் முக்கியமாகத் தேட வேண்டியவை வெள்ளியும், டைகுளோரோமீத்தேன் என்ற எளிதில் ஆவியாகும் கரைப்பானும். வெள்ளியைச் சோதிக்க, மேல்மட்ட 15 செ.மீ. மண்ணிலிருந்து அரைக் கிலோ போதும். லேபில் நைட்ரிக் அமிலத்தில் மட்டும் கரைக்கச் சொல்ல வேண்டும். ஹைட்ரோகுளோரிக் சேர்ந்தால் வெள்ளி குளோரைடாகப் படிந்து அளவு குறைவாகக் காட்டும்.

டைகுளோரோமீத்தேன்தான் தலைவலி. தண்ணீரைவிடக் கனம், அடியில் இறங்கிவிடும். 40 மி.லி. கண்ணாடிக் குப்பியில் ஒரு காற்றுக்குமிழிகூட இல்லாமல் நீரை நிரப்பி, டெஃப்ளான் உள்மூடி போட்டு, ஐஸ் பெட்டியில் கொண்டுபோக வேண்டும். பாதி நிரம்பிய பிளாஸ்டிக் பாட்டில் என்றால் வழியிலேயே ஆவியாகி, 'இல்லை' என்று ரிப்போர்ட் வரும்.

வேண்டியது: எமல்ஷன் (ஃபிலிமில் பூசும் வெள்ளிக் கலவை) கூடம், கரைப்பான் தொட்டிகள் இருந்த இடம் தெரியும் பழைய வரைபடம், சரிவுக்குக் கீழே உள்ள கிணறுகளின் ஆழம், கோவையில் இந்தச் சோதனை செய்யும் என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகாரம்) பெற்ற லேப். அங்கே வேலை பார்த்த அண்ணன்மார், அக்காமார் ஒரு தாளில் கையால் வரைந்து படம் எடுத்துப் போட்டாலும் போதும்.