முன்னால் ஒரு கார் ஓடும்போது பிரேக் ஏன் போதவில்லை?

லாஸ்பேட்டைவாசி:

வணக்கம். நான் புதுச்சேரியில் வசிக்கிறேன். தனியாகச் சுற்றி நேரம் பார்க்கும் பயிற்சி நாள்களில் சில காலமாகக் கலந்துகொண்டு வந்த நான், அண்மையில் இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில், ஓர் அணியிடம் வாடகைக்கு எடுத்த சலூன் காரில், பிறருடன் இடத்துக்குப் போட்டியிட்டு ஓடும் பந்தயத்தில் முதன்முறையாக ஓட்டினேன். 3.717 கிலோமீட்டர் நீளமும் 12 திருப்பங்களும் கொண்ட அந்தத் தடம் எனக்குப் பழக்கமானதுதான். திருப்பத்துக்கு முன் தூரம் காட்டி நிற்கும் பலகைகளில் எதைக் கடந்ததும் பிரேக்கை மிதிக்க வேண்டும், எங்கே ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும் என்பதை உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆயினும் பந்தயம் தொடங்கியபின் அந்த அறிவில் பாதிகூட உதவவில்லை. பக்கத்துக் காரின் இரைச்சலில் என் காரின் இன்ஜின் ஓசையே கேட்கவில்லை. ஓசையை வைத்துக் கியர் மாற்றிப் பழகியவனுக்கு அது ஒரு புலனை இழந்தது போல் இருந்தது.

எனக்கு விளங்காதவை இரண்டு. நீண்ட நேர்ப்பாதையின் முடிவில், முன்னால் செல்லும் காரை நெருங்கித் தொடர்ந்தபோது, வழக்கமான இடத்தில் வழக்கமான அழுத்தத்தில் பிரேக்கை மிதித்தும், கார் தள்ளிப் போய்த்தான் வேகம் குறைந்தது. சில சுற்றுகளுக்குப் பிறகு பிரேக் பெடல் ஆழமாகவும் இறங்கத் தொடங்கியது. தனியாக ஓட்டியபோது இப்படி நேர்ந்ததே இல்லை. மற்றொன்று, ஒரு திருப்பத்துக்குள் இருவரும் இணையாக நுழைந்துவிட்டால் யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்பது. பந்தயத்துக்கு முன் நடந்த ஓட்டுநர் கூட்டத்தில் விதிகளைத் தெளிவாகத்தான் சொன்னார்கள். கண்ணாடியில் இன்னொரு காரின் மூக்கு தெரிந்தபோது அந்தத் தெளிவு எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

மஞ்சக்குப்பம் பட்டறை:

தம்பி, கடலூரில் பட்டறை வைத்திருக்கிறேன். பந்தயக் கார்களிலும் கொஞ்சம் வேலை பார்த்தவன். உங்கள் முதல் கேள்விக்குள் இரண்டு காரணங்கள் கலந்திருக்கின்றன.

முதலாவது காற்று. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்துக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் போனவர்களுக்கு, முகத்தில் அடிக்கும் காற்று திடீரென்று ஓய்வது தெரியும். பந்தயத்திலும் முன்னால் செல்லும் கார் காற்றைக் கிழித்துக் கொடுப்பதால், பின்தொடரும் உங்கள் கார் நேர்ப்பாதையின் முடிவை எட்டும்போது வழக்கத்தைவிடச் சில கிலோமீட்டர் கூடுதல் வேகத்தில் இருக்கும். நிறுத்தத் தேவைப்படும் தூரம் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவது. ஆகவே 140 என்பது 146 ஆனாலே அந்தத் தூரம் ஏறத்தாழ 9 விழுக்காடு நீண்டுவிடும். அதோடு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் காரைப் பிடித்து இழுக்கும் காற்றும் ஒரு பிரேக்தான்; அதிலும் ஒரு பங்கு உங்களுக்குக் கிடைக்கவில்லை. எனவே அந்த இடத்தில் மட்டும் சற்று முன்னதாக மிதியுங்கள்.

இரண்டாவது சூடு. முன்னால் கார் இருந்தால் உங்கள் பிரேக்குக்கும் ரேடியேட்டருக்கும் குளிர்ந்த காற்று குறைவாகவே வந்து சேரும். பெடல் கெட்டியாக இருந்தும் கார் நிற்கவில்லையென்றால் பிரேக் பேட், அதாவது சக்கரத்தின் வட்டை அழுத்திப் பிடிக்கும் கட்டை, சூடேறிப் பிடிப்பை இழந்திருக்கிறது என்று பொருள். நீங்கள் சொல்வதுபோல் பெடல் ஆழமாக இறங்கினால் பிரேக் ஆயில் கொதித்து உள்ளே ஆவி உண்டாகியிருக்க வேண்டும்; ஆவி அழுந்தும், திரவம் அழுந்தாது. டாட் 4 வகை ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கையில் 230 பாகை செல்சியஸுக்குக் குறையக் கூடாது என்பது தரவிதி, 3.7 விழுக்காடு நீர் கலந்த நிலைக்கு அதே விதி 155 பாகையைத்தான் கேட்கிறது. இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது என்பதால், நம் கடலோரத்தில் நின்ற காருக்கு இது இன்னும் கவனிக்க வேண்டிய செய்தி. வாடகைக் கார் என்கிறீர்கள். ஆயிலைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று அணியினரிடம் கேட்டீர்களா?

நேர்ப்பாதையில் முன்காருக்கு நேர் பின்னால் ஒட்டிக்கொள்வது நல்லது. முடிவை நெருங்கும்போது அரைக் கார் அகலம் ஒதுங்கிவிடுங்கள். பிரேக்குக்குக் காற்றும் வரும், உங்களுக்குப் பலகையும் தெரியும். அந்த வேகத்தில் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 39 மீட்டர் ஓடுகிறீர்கள். முன்காரின் சிவப்பு விளக்கைப் பார்த்து மிதிப்பதற்கு அது போதாது.

பாகூர்க்காரன்:

இரண்டாவது கேள்விக்கு என் பதில் எளியது. முதல் ஆண்டில் யார் பக்கத்தில் வந்தாலும் வழிவிட்டு விடுங்கள். பழுது பார்க்கும் செலவு உங்கள் பையிலிருந்துதான் போகும்.

கொடிபிடித்தவன்:

பந்தயங்களில் கொடி மார்ஷலாக, அதாவது தடத்தோரம் நின்று ஓட்டுநர்களுக்குக் கொடி காட்டுபவனாக, நின்றிருக்கிறேன். பாகூர் நண்பரின் கருத்தில் எனக்கு உடன்பாடில்லை. திருப்பத்துக்கு வெகு முன்பே, நேர்ப்பாதையிலேயே, தெளிவாக ஒதுங்கி வழிவிட்டால் சரி. ஆனால் புதியவர்களில் பலர் திருப்பத்தின் நடுவில் மனம் மாறிக் காலை எடுக்கிறார்கள் அல்லது பிரேக்கை மிதிக்கிறார்கள். முன்சக்கர இயக்கம் கொண்ட காரில் அப்போது எடை முன்னோக்கிச் சாய்ந்து பின்சக்கரங்கள் பிடிப்பை இழப்பதால், வழிவிட நினைத்தவரே சுழன்று அடுத்தவரின் பாதையில் குறுக்கே நிற்பார். எங்கள் நிலையத்திலிருந்து பார்த்தால் வேகமானவரைவிட, அடுத்த நொடியில் என்ன செய்வார் என்று ஊகிக்க முடியாதவரே அச்சம் தருபவர்.

கார் பந்தயங்களுக்கான உலக அமைப்பான எஃப்ஐஏவின் பன்னாட்டு விளையாட்டு விதித்தொகுப்பில், எல் பிற்சேர்க்கை இதைப் பற்றிச் சொல்வதன் சாரம் இதுதான்: உங்கள் இடத்தைக் காக்க ஒரு முறைதான் பாதை மாறலாம், அப்படி விலகியவர் வழக்கமான கோட்டுக்குத் திரும்பும்போது தடத்தின் விளிம்புக்கும் தன் காருக்கும் நடுவே குறைந்தது ஒரு கார் அகலம் விட வேண்டும். இணையாக நுழைந்தபின் இருவருக்கும் அதே ஒழுங்கைப் பொருத்திக்கொள்ளுங்கள். உள்பக்கம் இருப்பவர் குறுகிய வளைவில் போவதால் மெதுவாகத்தான் திரும்ப முடியும். வேகம் மிகுந்தால் வெளியே வழிந்து உங்கள்மீது வருவார். வெளிப்பக்கம் இருப்பவருக்கு அகன்ற வளைவு கிடைத்தாலும், அங்கே ரப்பர் துகளும் தூசியும் படிந்திருக்கும். அடுத்த திருப்பம் எதிர்த்திசையில் இருந்தால் வெளியே இருந்தவரே உள்ளே வந்துவிடுவார் என்பதால், இந்தத் திருப்பத்தில் குறுக்கே வந்து அடுத்தவரின் வழியை அடைக்க அவசரப்படத் தேவையில்லை.

அபாயத்தை எச்சரிக்கும் மஞ்சள் கொடி காட்டப்பட்ட இடத்திலிருந்து பச்சைக் கொடி வரை முந்தக் கூடாது. நீலக் கொடி உங்களுக்குக் காட்டப்பட்டால் ஒரு சுற்று முன்னேறியவர் பின்னால் வருகிறார் என்று பொருள், அவருக்கு முதல் வாய்ப்பிலேயே வழிவிட வேண்டும். மற்றவர்களுக்கு வழிவிட வேண்டிய கடமை இல்லை, இடம் விடும் கடமைதான் உண்டு.

பாகூர்க்காரன்:

திருப்பத்தின் நடுவில் காலை எடுப்பதை நான் சொல்லவில்லை, நேர்ப்பாதையில்தான். செலவைப் பற்றிய என் கருத்து மாறவில்லை.

லாஸ்பேட்டைவாசி:

அனைவருக்கும் நன்றி. அணியினரிடம் கேட்டேன், ஆயில் எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு உறுதியான பதில் கிடைக்கவில்லை. அடுத்த முறை என் செலவில் மாற்றிவிடச் சொல்லியிருக்கிறேன். வீட்டில் பாதி தீர்ந்த டாட் 4 புட்டி ஒன்று மூடியே இருக்கிறது. அதைக் கொண்டுபோகலாமா அண்ணா?

மஞ்சக்குப்பம் பட்டறை:

வேண்டாம் தம்பி. திறந்த புட்டிக்குள் ஈரக் காற்று ஏற்கெனவே புகுந்திருக்கும். முத்திரை பிரிக்காத புதிய புட்டியாக வாங்கி, பந்தயத்துக்கு முந்தைய நாள் நான்கு சக்கரங்களிலும் காற்றுக்குமிழ் வருவது நிற்கும் வரை பழைய ஆயிலை வெளியேற்றச் சொல்லுங்கள். அருகில் நின்று பாருங்கள்.