கடைசி இரவில் கீறப்படும் கான்ட் அட்டவணை: வழி சொல்லுங்கள்

யாழ்ப்பாணத்தில் மூன்றாம் வருடப் பிள்ளைகளுக்குச் செயற்றிட்ட முகாமைத்துவம் படிப்பிக்கிறேன். 58 பேர், 10 குழுக்கள், 15 வார செமஸ்டர். இப்போது 7ஆம் வாரம் முடிகிறது. வேலை முழுவதையும் முடித்துவிட்டு, ஒப்படைக்கும் நாளுக்கு முதல் இரவுதான் கான்ட் அட்டவணை (எந்த வேலை எப்போது தொடங்கி எப்போது முடியும் என்று காட்டும் பட்டை வரைபடம்) கீறுகிறார்கள். போன வாரம் வந்த ஒன்றில் 23 வேலைகளும் திட்டமிட்ட அன்றே முடிந்திருக்கின்றன. மழை இல்லை, கரண்ட் கட் இல்லை, ஹர்த்தால் இல்லை. அப்படியொரு யாழ்ப்பாணம் எங்கே இருக்கிறதோ! கோப்பு உருவான நேரம் இரவு 11.48.

மைக்ரோசொஃப்ட் புரொஜெக்ட் என்ற திட்டமிடல் மென்பொருளில் தொடங்கினேன். அதைப் பழகவே மூன்று வாரம் போய்விட்டது, எக்செலுக்கு மாறினோம். வாராந்த அறிக்கை கேட்டால் திகதியை மட்டும் மாற்றி அனுப்புகிறார்கள். சக மாணவர் மதிப்பீட்டில் எல்லோருக்கும் பத்துக்குப் பத்து.

ஓரளவு எடுபட்டது நல்லூர்க் கந்தசுவாமி கோயில் உதாரணம்தான். 25 நாள் திருவிழாவுக்குத் தண்ணீர்ப்பந்தல் போடுவதென்றால் கொடியேற்ற நாளைத் தள்ளிவைக்க முடியாது. அங்கிருந்து பின்னோக்கி எண்ணினோம். பந்தல்காரர் பிந்தினால் எல்லாம் பிந்தும், பதாகை இரண்டு நாள் பிந்தினால் ஒன்றும் ஆகாது. கிரிட்டிக்கல் பாத்தும் (பிந்தினால் முழுத் திட்டத்தையும் பிந்தவைக்கும் வேலைத் தொடர்) ஃபுளோட்டும் (திட்டம் பிந்தாமல் ஒரு வேலை பிந்தக்கூடிய அவகாசம்) அன்றைக்கே விளங்கின. சொந்தச் செயற்றிட்டத்துக்கு வந்ததும் பழைய கதை.

திட்டத்தை முதலிலேயே போட்டு, பிந்தும்போது மறைக்காமல் திருத்த வைக்கிற மாதிரி, மிச்ச 8 வாரத்துக்குள் செய்யக்கூடிய புள்ளியிடும் முறை யாரிடமாவது உண்டா?